மணையில் உட்கார்ந்து எழ முடிகிறதா?

கேள்வி: எனக்கு 52 வயது. டாக்டர் தினமும் நடக்கச் சொல்கிறார். ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கள் தெருவில் எங்கே நடப்பது? படகில் துடுப்புப் போடுவதுபோல் உட்கார்ந்து இழுத்துப் பயிற்சி செய்கிற, தண்ணீர்த் தொட்டி வைத்த மர ரோயிங் மெஷின் வாங்கலாம், தானும் செய்வேன் என்கிறான் கல்லூரியில் படிக்கும் மகன். அவன் பலத்துக்கும் என் பலத்துக்கும் ஒரே மெஷின் சரிப்படுமா? ஒவ்வொரு தடவையும் தண்ணீரைக் கூட்டிக் குறைக்க வேண்டுமா?
- ஒரு வாசகி, மயிலாடுதுறை

பதில்: வேண்டியதில்லை அம்மா. ஆற்றில் இறங்கி நின்று கையை மெல்ல அளையுங்கள், ஒன்றும் தெரியாது. வீசி அளைந்தால் தண்ணீர் முரண்டு பிடிக்கும். மெஷினை இழுக்கும்போது தொட்டிக்குள் சுழலும் துடுப்புக்கும் அதே கதைதான். வேகம் இரு மடங்கானால் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். அவன் இழுத்தால் அவனுக்கேற்ற பாரம், நீங்கள் இழுத்தால் உங்களுக்கேற்றது. தொட்டியில் போட்டிருக்கும் கோடுவரை ஒருமுறை நிரப்பினால் போதும். பெரிய மாடல்களில் சுமார் 17 லிட்டர் பிடிக்கும்.

என் கவலை இருக்கையைப் பற்றியது. பல மாடல்களில் அது தரையிலிருந்து ஓரடி உயரம்தான். கடைக்குப் போகுமுன், வீட்டிலிருக்கும் குட்டை முக்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து பாருங்கள். முடியாவிட்டால் உயரமான இருக்கை உள்ளதைக் கேளுங்கள். முழங்கால் வலி இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

கும்பகோணத்தில் எங்கள் வீட்டு மெஷினை ஆசையாக முற்றத்து ஓரம் போட்டேன். வெயில் பட்டு மூன்றே வாரத்தில் தொட்டி கோயில் குளமாகப் பச்சை பூத்தது. குளோரின் மாத்திரைக்கும் அது மசியவில்லை. இறைத்துக் கொட்டி மறுபடி நிரப்பினேன். இப்போது கூடத்தில், வெயில் எட்டாத மூலையில் இருக்கிறது. போர் தண்ணீர் செங்காவியாக வருகிற வீடென்றால் வடிகட்டிய தண்ணீரை ஊற்றுங்கள். மரம் என்பதால் ஈரச் சுவரை ஒட்டிப் போடாதீர்கள், கரையானுக்கு விருந்து வைத்த கதையாகிவிடும். நிமிர்த்தி வைத்தால் ஒரு நாற்காலி இடம்தான், ஆனால் உயரம் கிட்டத்தட்ட ஏழடி. மேலே மின்விசிறி சுற்றுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரம் ஐந்து நிமிடம் போதும். காலால் உந்தி, முதுகைச் சாய்த்து, கடைசியில்தான் கையால் இழுக்க வேண்டும். நான் முதல் நாள் கையாலேயே இழுத்துத் தள்ளிவிட்டு, மறுநாள் காலை காபியை டபராவில் ஆற்றக்கூட முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.