ரூட் கெனாலுக்குப் பிறகும் உதடு மரத்தே இருக்கிறதா? காத்திருக்காதீர்கள்
முந்தாநாள் கீழ்க் கடைவாய்ப் பல்லில் ரூட் கெனால் செய்ததாகவும், வலப்பக்க உதடும் முகவாயும் இன்னும் மரத்தே இருப்பதாகவும், கிளினிக்கில் கேட்டால் "ஊசி மரப்புதான், போயிடும்" என்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஊசி மரப்பு சில மணி நேரத்தில் விட்டுவிடும். இத்தனை நேரம் நிற்கிறதென்றால் தயவுசெய்து இன்றைக்கே போய்க் காட்டுங்கள்.

கீழ்த்தாடை எலும்புக்குள் ஓடும் ஒரு குழாய் வழியாகத்தான் உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு போகிறது, இரண்டாவது கடைவாய்ப் பல்லின் வேர்நுனி பலருக்கு அதை ஒட்டியே இருக்கும். வேரை அடைக்கும் பசை நுனியைத் தாண்டி வழிந்தாலோ, வேருக்குள்ளே சுரண்டிச் சுத்தம் செய்யும் ஃபைல் என்ற மெல்லிய கம்பி அளவுக்கு மேல் இறங்கினாலோ, வேரின் உள்ளே கழுவுகிற ஹைப்போகுளோரைட் என்ற கிருமிநாசினி வெளியே கசிந்தாலோ நரம்பு அடிபடும். அரிதாக ஊசியே குத்தியிருக்கலாம். பசை குழாய்க்குள் போயிருந்தால் முதல் 2, 3 நாளுக்குள் எடுத்துவிடுவது நல்லது, தள்ளிப்போடப் போட நரம்பு மீளும் வாய்ப்பு குறையும். அதனால்தான் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன்.

சிகிச்சை முடிந்து எடுத்த எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்குங்கள், தயங்க வேண்டாம். அப்புறம் வாய், தாடை அறுவை சிகிச்சை நிபுணரைப் பார்த்து சிபிசிடி ஸ்கேன் (தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் எக்ஸ்ரே) கேளுங்கள். சென்னை என்கிறீர்கள், அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கே போகலாம். ஸ்டீராய்டு வேண்டுமா என்பதை அவர் சொல்லட்டும், நீங்களாக மருந்துக் கடையில் வாங்காதீர்கள்.

போவதற்கு முன் பஞ்சு நுனியால் மெல்லத் தடவிப் பார்த்து, உணர்ச்சி இல்லாத இடத்தின் எல்லையைப் பேனாவால் வரைந்து போட்டோ எடுத்து வையுங்கள், பரப்பு சுருங்குகிறதா என்பது பிறகு அதில் தெரியும். சூடாகக் காபி குடிக்காதீர்கள், உதடு வெந்தாலும் உங்களுக்குத் தெரியாது. ஸ்கேனில் என்ன வந்தது என்று எழுதுங்கள்.