'மே' (may) என்று மெயில் வந்தால் வேலை உறுதியா?

கேள்வி: என் தம்பி எலக்ட்ரீசியன். துபாய் கம்பெனி ஒன்றுக்கு ஆன்லைனில் இன்டர்வியூ கொடுத்தான். பதில் மெயிலில் 'வீ மைட் ஹேவ் டேக்கன் யூ இன் ஜூலை' என்று ஒரு வரி, 'தேர் மே ஸ்டில் பி எ வேகன்சி இன் அக்டோபர்' என்று இன்னொரு வரி. 'மைட்' என்றால்தான் சந்தேகம், 'மே' போட்டுவிட்டால் வேலை உறுதி மாதிரிதான், 45,000 கட்டினால் ஃபைல் நகரும் என்கிறார் ஏஜென்ட். கட்டலாமா?

கட்டாதீர்கள். இலக்கணம் அப்புறம்.

அக்டோபர் வரிக்குத் தமிழில் நேர் பொருள் 'அக்டோபரில் இடம் இருந்தாலும் இருக்கலாம்' என்பதுதான், அதற்கு மேல் ஒன்றுமில்லை. அந்த வரியில் கொஞ்சமாவது ஆறுதல் தருவது 'மே' இல்லை, 'ஸ்டில்'. பேச்சு இன்னும் முடிந்துவிடவில்லை என்று அதுதான் சொல்கிறது. 'மே'க்குப் பதில் 'மைட்' போட்டிருந்தாலும் 'குட்' (could) போட்டிருந்தாலும் உங்கள் தம்பியின் நிலைமை இதேதான். அலுவலகக் கடிதத்தில் 'மே' கொஞ்சம் அதிகம் வரும், வாய்ப்பேச்சில் 'மைட்' அதிகம் வரும், அவ்வளவுதான்.

இந்த 'மே பெரிது, மைட் சிறிது' கணக்கு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போய்வந்த ஒரு பையன் தன் நோட்டை என்னிடம் காட்டினான். பக்கத்தின் நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு இடப்பக்கம் 'மே 50 சதவீதம்', வலப்பக்கம் 'மைட் 30 சதவீதம்', கீழே சிவப்பு மையில் டிக். எந்த இங்கிலீஷ்காரரும் பேசும்போது இப்படித் தராசு பிடிப்பதில்லை. பள்ளிக்கூடமும் இதைச் சரிசெய்வதில்லை. கோடிட்ட இடத்தில் ஒரு சொல்லை நிரப்பினால் ஒரு மதிப்பெண், 'மே'வின் இறந்தகாலம் 'மைட்' என்று ஒரு அட்டவணை, அதோடு பாடம் முடிந்தது. பன்னிரண்டு வருடம் ஆங்கிலம் படித்த பிள்ளை தனக்கு வந்த இரண்டு வரி மெயிலைப் புரிந்துகொள்ள ஒரு ஏஜென்டிடம் போய் நிற்கிறது என்றால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

சரி, ஜூலை வரி. இதில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். 'மைட் ஹேவ்' என்பதற்கு இரண்டு முகம் உண்டு. ஆற்றில் குளிக்கப் போன பையனைக் காணவில்லை, கரையில் கூட்டம், படகு தேடிக்கொண்டிருக்கிறது. அப்போது 'ஹி மைட் ஹேவ் டிரவுன்ட்' என்றால் மூழ்கியிருக்கலாம், தெரியவில்லை என்று பொருள். அதே பையன் தலையைத் துவட்டிக்கொண்டு எதிரே நிற்கிறான், அம்மா அவன் முதுகில் இரண்டு வைத்துவிட்டு அதே வாக்கியத்தைச் சொல்கிறாள் என்றால் 'மூழ்கித் தொலைத்திருப்பான், நல்லவேளை' என்று பொருள். சொல் ஒன்றுதான், அதைச் சொல்கிறவருக்கு முடிவு தெரியுமா என்பதில்தான் பொருள் மாறுகிறது. தெரியாது என்றால் வாய்ப்பு மிச்சமிருக்கிறது, தெரியும் என்றால் அது நடக்காமல் போன கதை. 'குட் ஹேவ்'வும் இப்படித்தான். 'மே ஹேவ்' மட்டும், கவனமாக எழுதுகிறவர்களிடம், முடிவு தெரியாதபோதுதான் வரும்.

நமக்கு இது புதிதும் இல்லை. 'அவர் சொல்லியிருக்கலாம்' என்றால் சொன்னாரோ என்னவோ என்றும் எடுக்கலாம், சொல்லாமல் விட்டுவிட்டாரே என்றும் எடுக்கலாம். கடைசியில் ஒரு ஏகாரம் சேர்த்து 'சொல்லியிருக்கலாமே' என்றால் இரண்டாவது பொருள் மட்டும் நிற்கும். ஆங்கிலத்தில் அந்த ஏகாரம் கிடையாது, இடத்தைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

உங்கள் மெயிலில் இடம் தெளிவு. ஜூலையில் தம்பியை எடுத்தோமா இல்லையா என்று அந்தக் கம்பெனிக்கே தெரியாமல் இருக்குமா? ஆகவே 'ஜூலையில் எடுத்திருக்க வாய்ப்பு இருந்தது, நடக்கவில்லை' என்பதுதான் பொருள். அது முடிந்த விஷயம். அந்த வரியைக் காட்டி 'உன்னை எடுக்கத்தானே இருந்தார்கள்' என்று ஏஜென்ட் பேசினால் மயங்க வேண்டாம்.

ஏஜென்ட்கள் பிடித்துக்கொள்ளும் இன்னொரு சொல் 'கேன்'. 'வேகன்சீஸ் கேன் கம் அப்' என்றால் இப்படி இடங்கள் அவ்வப்போது வருவதுண்டு என்ற பொதுப்பேச்சு, உங்கள் தம்பிக்கு ஒரு இடம் என்று அர்த்தமில்லை.

பணத்துக்கு வருகிறேன். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப 1983 குடிபெயர்வுச் சட்டப்படி பதிவுச் சான்று வேண்டும். பதிவு பெற்ற ஏஜென்டே அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் சேவைக் கட்டணமாக வாங்கலாம், அதற்கு ரசீது தர வேண்டும். 45,000 கேட்கிறவரிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள், வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் அந்தப் பெயரைத் தேடுங்கள். எண்ணைக் கேட்டதும் பேச்சை மாற்றுகிறவர் வீட்டுப் பக்கமே தம்பியை அனுப்பாதீர்கள்.

உறுதி என்றால் கடிதத்தில் 'வீ ஆர் ப்ளீஸ்ட் டு ஆஃபர்' என்ற மாதிரி ஒரு வரியும் சம்பளமும் சேரும் தேதியும் இருக்கும். தம்பியைக் கம்பெனிக்கே நேராக ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்: 'இஸ் த அக்டோபர் வேகன்சி கன்ஃபர்ம்ட்?' இதற்கும் 'மே' என்றே பதில் வந்தால் அக்டோபர் வரை உள்ளூர் வேலையை விடாமல் பார்க்கட்டும்.