தினசரி ஓட்டத்துக்கு 6-பக் கிளட்ச் வேண்டாம்

ஃபெடரல் ஹைவே ஜாமில் தினமும் ஓடும் 4ஜி63 டர்போவுக்கு (மிட்சுபிஷி இன்ஜின்) 6-பக் செராமிக், அதாவது ஆறு செராமிக் துண்டுகள் பதித்த கிளட்ச் டிஸ்க், போடாதீங்க. அது மெதுவா பிடிக்காது. ஊர்ந்து போகும்போது கார் குலுங்கும், டிஸ்க் உரசிப் பிடிக்கும் இன்ஜின் சக்கரமான ஃப்ளைவீலும் சீக்கிரம் தேயும். ஸ்பிரிங் வைத்த ஆர்கானிக் டிஸ்க், அதை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் அழுத்தம் கூடினது, இதுதான் சரி.

டைனோவில் (இன்ஜின் திறனை அளக்கும் மெஷின்) சக்கரத்தில் டார்க், அதாவது முறுக்கு விசை, 420 நியூட்டன் மீட்டர் என்றால் இன்ஜினில் ஏறக்குறைய 500. எனவே 600 தாங்கும் கிட் போதும். குதிரைசக்தியைப் பார்த்து வாங்காதீங்க, கிளட்சை வழுக்க வைப்பது டார்க்தான். தேவைக்கு மேல் அழுத்தமான கிட் போட்டால் பெடல் கனக்கும், கிராங்க் தண்டு முன்பின் நகராமல் தாங்கும் திரஸ்ட் பேரிங்கும் அடிவாங்கும்.

வாங்கும் முன் பழைய கிளட்ச் வழுக்குதா என்று பார்க்க, காலியான சாலையில் 5-ஆம் கியர், 2,500 ஆர்பிஎம்மில் ஆக்சிலரேட்டரை முழுசா அழுத்திப் பாருங்க. ஆர்பிஎம் மட்டும் துள்ளி, வேகம் ஏறாவிட்டால் வழுக்கல் உறுதி.

கியர்பாக்ஸைக் கழற்றினதும் கிராங்கின் பின்பக்க ஆயில் சீலைப் பார்க்கச் சொல்லுங்க. அங்கே கசிந்தால் எவ்வளவு விலையுள்ள டிஸ்க்கும் வழுக்கும். சீல், ரிலீஸ் பேரிங் (பெடலை மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கும் பேரிங்) இரண்டையும் சேர்த்தே மாற்றுங்க. ஃப்ளைவீல் முகத்தையும் கடையச் சொல்லுங்க.

புது டிஸ்க் பதிய சுமார் 800 கிலோமீட்டர் நகர ஓட்டம் வேண்டும். அதுவரை டர்போவின் முழு பூஸ்ட் வேண்டாம், கெந்திங் மலை ஏற்றமும் வேண்டாம்.