தலையாட்டினால் மாட்டிக்கொள்வீர்கள்

கேள்வி: எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. கோத்தகிரிப் பக்கம் டீ ஃபேக்டரியில் வெறும் இலை வாட்டும் வேலை. நான் விரும்பும் பெண் ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் தாவரவியல் படிக்கிறாள். அவளுடைய தோழிகள் நடுவில் எனக்கு வாயே திறப்பதில்லை. என்ன செய்வது?

பதில்: இலை வாட்டுவது ‘வெறும்’ வேலையா? தூள் கெட ஆரம்பிப்பதே இலை வாட்டும் அந்தத் தொட்டியில்தானே, தம்பி! பறித்த கொழுந்தில் நூற்றுக்கு 75 பங்குக்கு மேல் தண்ணீர். 12 மணி நேரத்துக்கு மேல் ஃபேன் காற்றுவிட்டு அதை 70 பங்கு அளவுக்கு இறக்க வேண்டும். இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் சி.டி.சி. முறைக்கு அது, ரோலரில் உருட்டும் பழைய ஆர்த்தடாக்ஸ் முறை என்றால் 60க்கும் கீழே. ஐப்பசி மழையில் நனைந்த கொழுந்து வந்தால், முதலில் குளிர்ந்த காற்றில் மேல் ஈரத்தை ஓட்டாமல் சூட்டைத் திறந்துவிடுகிற அவசரக்காரர்கள் உண்டு. தொட்டியிலேயே இலை சிவந்துவிடும். வாட்டம் போதாவிட்டால் ரோலரில் கூழாகிக் கட்டி கட்டும். மிஞ்சினால் செதில் செதிலாய் விழும்.

இப்படி நாலரை கிலோ கொழுந்தில் எடுத்த ஒரு கிலோ தூளைப் பாலில் போட்டுக் கால் மணி நேரம் குமுறவிட்டு, ‘நீலகிரி டீயில் மணமே இல்லை’ என்று நமக்கு எழுதுகிறார்களே சமவெளி வாசகர்கள், அவர்களோடு சண்டை ஓயாது. கொதித்த தண்ணீரில் நாலு நிமிடம் மூடி வையுங்கள் ஐயா, பிறகு பால் ஊற்றுங்கள்! ‘நல்ல கலர்’ கேட்பவர்கள் வடிதாளில் கொஞ்சம் தூளைத் தூவித் தண்ணீர் தெளித்துப் பார்க்கட்டும். உடனே செம்பழுப்பாய்க் கறை பரவினால் அது சாயம்.

சரி, காதல். தெரியாத சொல் வந்தால் அந்த இடத்திலேயே “அது என்னங்க?” என்று கேளுங்கள். தெரிந்ததுபோல் தலையாட்டினால் அதோடு யாரும் விடமாட்டார்கள், “நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்பார்கள், தொலைந்தீர்கள். எட்டாவது என்பதை அவளிடம் சொல்லியாகிவிட்டதா? கடிதத்தில் அதைக் காணோம். இல்லையென்றால் இந்த ஞாயிறே சொல்லுங்கள், தோழிகள் இல்லாத இடத்தில்.

சான்றிதழ் வேண்டுமென்றால் அவளுக்காக வாங்காதீர்கள், சம்பளத்துக்காக வாங்குங்கள். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு ஐந்து பாடம், தமிழிலேயே எழுதலாம். பதிவு ஐந்து ஆண்டு செல்லும், ஒவ்வொரு பாடமாகத் தேறிக்கொண்டே போகலாம். பத்தும் பன்னிரண்டும் இல்லாமல் ‘நேரே டிகிரி’ என்று சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் பக்கம் மட்டும் போகாதீர்கள். அந்தப் பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது.