தோள்பட்டை அறுவை சிகிச்சைக்குப் பிறகு எப்போது மீண்டும் பனிச்சறுக்கு விளையாடலாம்?

தோள் விலகிக் கிழிந்துபோன லேப்ரத்தை, அதாவது மூட்டுக் கிண்ணத்தைச் சுற்றியுள்ள குருத்து வளையத்தை, தைத்து ஐந்து மாதங்கள் ஆகின்றன, கையைத் தலைக்கு மேல் முழுவதும் தூக்க முடிகிறது, வலியும் இல்லை, ஆகவே அடுத்த மாதம் பனிச்சறுக்குக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே அறுவை சிகிச்சையை இடது தோளில் செய்துகொண்டு, எட்டாவது மாதத்தில் மீண்டும் பனியில் இறங்கியவன் என்ற முறையில் எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். இறுதி அனுமதியை உங்கள் தோளின் உள்ளே பார்த்த அறுவை மருத்துவர்தான் தர வேண்டும். ஆனால் அவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதை என்னால் சொல்ல முடியும். இந்தத் தோளோடு நான் விழலாமா, விழுந்த இடத்திலிருந்து கையை ஊன்றி எழலாமா என்று கேளுங்கள். சறுக்கலாமா என்று மட்டும் கேட்டால் கிடைக்கும் பதில் உங்களுக்குப் பயன்படாது.

சறுக்கும்போது உடலைத் தாங்குவதும் திசை திருப்புவதும் கால்களும் இடுப்பும்தான். எல்லாம் சரியாக நடக்கும் நாளில் தோளுக்குப் பெரிய வேலை இல்லை. அது சோதிக்கப்படுவது விழும் அந்த அரை நொடியில்தான். என் தோள் விலகியதும் செங்குத்தான சரிவில் அன்று. மாலையில், கால்கள் சோர்ந்திருந்த வேளையில், எளிதான ஒரு சரிவின் அடிவாரத்துக்கு வந்துவிட்ட பிறகு இடறினேன். ஸ்கீ கம்பின் பட்டைக்குள் மணிக்கட்டை நுழைத்திருந்தேன். கம்பின் நுனியில் உள்ள வட்டு பனியில் புதைந்து நின்றுவிட, உடல் மட்டும் முன்னே போனது. கை பின்புறமாகவும் மேல்நோக்கியும் முறுக்கிக்கொண்டது. மேற்கையின் எலும்பு மூட்டிலிருந்து முன்பக்கமாக நழுவியதை வலிக்கு முன்பாகவே உணர்ந்தேன். சிறிது நேரத்தில் மேற்கையின் வெளிப்பக்கத்தில், தோள் விளிம்புக்குச் சற்றுக் கீழே, உள்ளங்கை அகலத்துக்குத் தோல் மரத்துப் போயிருந்தது. தொட்டால் வேறு யாருடைய கையையோ தொடுவது போல இருந்தது. மூட்டு விலகும்போது அக்குள் நரம்பு இழுபட்டால் அந்த இடத்தில்தான் உணர்வு குறையும் என்று பின்னர் அறிந்தேன். எனக்கு அது சில வாரங்களில் திரும்பிவிட்டது. உங்களுக்கு இன்னும் அப்படி ஏதேனும் மிச்சமிருந்தால், பனியைப் பற்றி யோசிப்பதற்கு முன் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வலி இல்லை என்பதை ஏன் போதுமான அளவுகோலாகக் கொள்ளக் கூடாது என்பதற்கு அந்த மூட்டின் அமைப்பே காரணம். தோள் மூட்டின் கிண்ணம் ஆழமே இல்லாதது. கோல்ஃப் பந்தை அதன் சிறிய தாங்கியில் வைத்தது போல என்று மருத்துவர்கள் உவமை சொல்வார்கள். அந்தக் கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி ஓடி அதற்கு ஆழம் கொடுக்கும் குருத்து வளையம்தான் லேப்ரம். முன்பக்கமாகத் தோள் விலகும்போது அது எலும்பிலிருந்து பிய்ந்துவிடுகிறது. பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் பேங்கார்ட் 1923இல் இதை விளக்கி எழுதியதால் அந்தக் கிழிசலுக்கும் அதைச் சரிசெய்யும் அறுவைக்கும் இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. இப்போது சிறு துளைகளின் வழியே கேமரா பொருத்திய மெல்லிய குழாயைச் செலுத்தி, எலும்பில் சிறு நங்கூரங்களைப் பதித்து, அவற்றோடு லேப்ரத்தைத் தைக்கிறார்கள். அந்தத் தையலின் வேலை, திசு எலும்போடு ஒட்டிக்கொள்ளும் வரை அதை இடத்தில் பிடித்து வைப்பது மட்டுமே. ஒட்டுவதற்குச் சுமார் 12 வாரங்கள் பிடிக்கும். ஒட்டிய திசு முறுக்கேறி உறுதிப்படுவதற்கு அதற்குப் பிறகும் பல மாதங்கள் ஆகும். வலியோ பெரும்பாலும் அதற்கு வெகு முன்பே போய்விடுகிறது. இந்த இடைவெளியில்தான் நம்மில் பலர் அவசரப்படுகிறோம்.

லேப்ரம் தைத்தவர்களுக்கு விழும் அபாயமுள்ள விளையாட்டுகளுக்குப் பொதுவாக ஆறு மாதங்களை ஒட்டியே அனுமதி பேசப்படுகிறது. தோளைச் சுழற்ற உதவும் சுழற்சித் தசைநாரைத் (rotator cuff) தைத்தவர்களுக்கு இன்னும் நீளும். ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகலாம். எலும்புத் துண்டை இடம் மாற்றிப் பொருத்தும் லாடார்ஜே அறுவையிலும், காறை எலும்பு முறிவுக்குத் தகடு வைத்ததிலும், எலும்பு கூடியதைப் படம் எடுத்துப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது. இருபது வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தோள் மீண்டும் விலகும் வாய்ப்பு அதிகம் என்பதால், நீங்கள் இளையவராக இருந்தால் கூடுதலாகவே காத்திருங்கள். நாள்காட்டி சொல்வதெல்லாம், அதற்கு முன்பு போகாதே என்பதுதான். அந்த நாள் வந்துவிட்டாலே போகலாம் என்று அது சொல்வதில்லை.

ஆறாவது மாத முடிவில் நானும் உங்களைப் போலவே நம்பிக்கையோடுதான் பிசியோதெரபிஸ்டிடம் போனேன். கையைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்கி, முழங்கையை மடக்கி, முன்கையை மேல்நோக்கித் திருப்பி வைக்கச் சொன்னார். தோள் விலகக் காரணமான அதே நிலை அது. அந்த நிலையில் ஒரு சிறு அளவுகருவியைத் தள்ளச் செய்து இரண்டு கைகளின் வலிமையையும் அளந்தார். இடது கை வலது கையின் 78 விழுக்காடுதான் இருந்தது. 90 விழுக்காடாவது வேண்டும் என்றார். நான் வலக்கைப் பழக்கமுள்ளவன் என்பதால் இடது கை சற்றுக் குறைவாக இருப்பது இயல்புதானே என்று வாதிட்டுப் பார்த்தேன்; அவர் அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் சொல்லியிருந்தார். பிறகு தரையில் சுமார் 91 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள் ஒட்டி, தண்டால் நிலையில் கைக்கொரு கோடாக ஊன்றச் செய்து, 15 நொடிகளுக்கு ஒரு கையால் மறு கையை மாற்றி மாற்றித் தொடச் சொன்னார். எண்ணிக்கை மோசமில்லை. ஆனால் எடை முழுவதும் இடது கையில் நிற்கும் ஒவ்வொரு முறையும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன் என்பதை அவர் கவனித்துவிட்டார். உங்கள் தோளை நீங்களே இன்னும் நம்பவில்லை என்று அவர் சொன்னது உண்மைதான்.

அதற்குப் பிந்தைய இரண்டு மாதங்களே என்னை உண்மையில் தயார்படுத்தின. ரப்பர் பட்டையை இழுக்கும் பயிற்சிகளோடு, சுவரை நோக்கிச் சாய்ந்து விழுந்து கைகளால் தாங்குவதில் தொடங்கினோம். பிறகு மேசை விளிம்பு, பிறகு மண்டியிட்டுத் தடித்த மெத்தையின் மேல் முன்னோக்கி விழுவது, கடைசியாகப் பக்கவாட்டில் இடுப்பும் தொடையும் முதலில் படும்படி விழுந்து, கைகளை மார்போடு அணைத்துக்கொள்வது. கையை நீட்டித் தரையைத் தடுக்க வேண்டும் என்ற உந்துதல் எவ்வளவு ஆழமானது என்பதை அங்கேதான் புரிந்துகொண்டேன். இருபது முறைக்கு மேல் விழுந்த பிறகே என் இடது கை தானாக உள்ளே வரப் பழகியது. உங்களுடைய பயிற்சித் திட்டத்தில் விழும் பயிற்சி இல்லையென்றால், அதைச் சேர்க்கும்படி கேளுங்கள். வெறும் ரப்பர் பட்டைப் பயிற்சியோடு யாரும் பனிக்குத் திரும்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

முதல் நாளுக்கு நான் எடுத்த முடிவுகளில் முக்கியமானது, கம்புகளை எடுத்துச் செல்லாதது. பழக்கமான, மிக எளிய சரிவில் கம்பின்றிச் சறுக்குவது கடினமில்லை. மறுநாள் கம்பை எடுத்தபோதும் பட்டைக்குள் மணிக்கட்டை விடவில்லை. கைவிட்டால் கம்பு தனியே போய்விட வேண்டும், அவ்வளவுதான். கையால் பற்றிக்கொள்ளும் கயிற்று இழுவையையும் திடீரென்று வெட்டி இழுக்கும் டி வடிவ இழுவையையும் தவிர்த்து, நாற்காலி லிஃப்டிலேயே மேலே சென்றேன். ஸ்கீகளை நல்ல தோளில் சுமந்தேன். காலணியை இழுத்து மாட்டுவதுகூட இடது கைக்குப் பளுவான வேலை என்பதை எதிர்பார்க்கவில்லை. உட்கார்ந்து, நிதானமாக, நல்ல கையால் செய்யுங்கள். பகலில் உருகிய பனி இரவில் உறைந்து கெட்டியாக இருக்கும் அதிகாலையும், கால் சோரும் மாலையும் வேண்டாம். நான் முற்பகலில் இரண்டு மணி நேரம் மட்டுமே இருந்தேன்.

அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு முறை விழுந்தேன். திருப்பத்தில் ஸ்கீயின் விளிம்பு பிடித்துக்கொள்ள, வலது பக்கமாகச் சரிந்து சில அடிகள் வழுக்கினேன். கைகள் இரண்டும் மார்போடு இருந்தன. எழும்போதுதான் பழைய பழக்கம் தலைகாட்டியது. இடது கையைப் பின்னால் ஊன்றி உந்தப் போனேன். நிறுத்திக்கொண்டு, ஒரு ஸ்கீயைக் கழற்றிவிட்டு, அந்த முழங்காலைப் பனியில் ஊன்றிக் கால் பலத்தால் எழுந்தேன். பின்னால் ஊன்றிய கையில் உடல் எடையை ஏற்றுவது, தைத்த முன்பக்க விளிம்பின் மேலேயே நேரடியாக அழுத்தும். ஆகவே இந்த எழும் முறையை வீட்டுத் தரையிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

நீங்கள் ஸ்கீயா ஸ்னோபோர்டா என்று எழுதவில்லை. ஸ்னோபோர்டு என்றால் இன்னும் ஓரிரு மாதங்கள் தள்ளிப்போடுங்கள் என்பேன். இரண்டு கால்களும் ஒரே பலகையில் கட்டப்பட்டிருப்பதால் விழும்போது காலை எடுத்துவைத்துச் சமாளிக்க வழியில்லை. அடி நேராகக் கைகளுக்கும் தோளுக்கும் போகிறது, அதிலும் பின்பக்கமாக விழுபவர்கள் கையைப் பின்னால் நீட்டியே விழுகிறார்கள். மணிக்கட்டுக் காப்பு அணிவது நல்லது, ஆனால் அது தோளைக் காக்காது.

பனியிலிருந்து திரும்பிய அன்று இரவு தோள் இலேசாகக் கடுத்து மறுநாள் தணிந்துவிட்டால் கவலைப்பட வேண்டாம். மூட்டு நழுவப் போவது போன்ற உணர்வு, கையில் மரத்துப்போதல், இரண்டு நாட்களுக்கு மேல் நீடிக்கும் வலி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தப் பருவத்தை அத்துடன் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். உங்கள் கேள்விக்கு நேரான பதில் வேண்டுமென்றால், அடுத்த மாதம் வேண்டாம். அந்த மாதத்தில் வலிமையை அளந்து பார்த்து, மெத்தையின் மேல் விழப் பழகுங்கள். அளவு எவ்வளவு வந்தது என்று இங்கே எழுதினால், என்னுடையதோடு ஒப்பிட்டுச் சொல்கிறேன்.