கொடைக்கானல் பிளம்ஸ் திருமங்கலத்தில் ஏன் பூக்கவில்லை?

அண்ணனுக்கு வணக்கம்.

சில வருஷங்களுக்கு முன்னால் குடும்பத்தோடு கொடைக்கானல் போனபோது ஒரு நர்சரியில் பிளம்ஸ் கன்று வாங்கி வந்து வீட்டுக் கொல்லையில் வைத்தேன். ஆள் உயரம் வளர்ந்துவிட்டது, இதுவரை ஒரு பூ இல்லை. “நம்மூரில் மழை கம்மி, அதான்” என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். நான் தினமும் தண்ணீர் ஊற்றுகிறேனே? மகளின் பாடத்தில் வெப்பம், மழை, ஒளி, காற்று எல்லாம் சேர்ந்து உயிரினங்கள் எங்கே வாழும் என்று தீர்மானிக்கின்றன என்று வருகிறது. அவள் மனப்பாடம் செய்துவிட்டாள், எனக்குத்தான் எது எதைத் தீர்மானிக்கிறது என்று புரியவில்லை. இன்னொன்று, பூமி சூடாகிறது என்கிறார்கள். அப்படியானால் நம்மூர் மல்லிகை கொடைக்கானலுக்கு ஏறிவிடுமா?

மு., திருமங்கலம்

அன்புள்ள தம்பி,

அந்த பிளம்ஸ் பூக்காது. தண்ணீரை எவ்வளவு ஊற்றினாலும் பூக்காது, ஏனென்றால் அது கேட்பது குளிர். பிளம்ஸ், பேரி, ஆப்பிள் மாதிரி மரங்களின் மொட்டுகள் குளிர்காலத்தில் உறங்கிப்போகும், 7 டிகிரியை ஒட்டிய குளிரில் நூற்றுக்கணக்கான மணி நேரம் (ரகத்துக்கு ரகம் கூடும் குறையும்) கிடந்த பிறகுதான் அந்த உறக்கம் ஒழுங்காகக் கலையும். திருமங்கலத்தில் தை மாத விடியற்காலையில்கூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். நாம் மப்ளர் சுற்றிக்கொண்டு டீக்கடையில் நிற்போம், பிளம்ஸுக்கு அதெல்லாம் குளிர்க் கணக்கிலேயே வராது. இலை விடுகிறது, வளர்கிறது என்பதை வைத்து நீங்கள் நம்பிக்கையோடு இருக்கிறீர்கள். ஆனால் உயிரோடு இருப்பது வேறு, பிள்ளை பெற்றுக் குடும்பம் நடத்துவது வேறு. ஒரு செடிக்கு எது சொந்த ஊர் என்றால், இரண்டாவது காரியம் எங்கே நடக்கிறதோ அதுதான்.

சரி, பக்கத்து வீட்டுக்காரர் விஷயத்துக்கு வருவோம். மழை கம்மி என்று சொல்லிச் சொல்லியே நாம் பழகிவிட்டோம். மதுரையில் வருஷத்துக்கு ஏறக்குறைய 850 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. லண்டனில் 600 சொச்சம்தான். அங்கே புல் பச்சையாகவே கிடக்கிறது, இங்கே சித்திரையில் கிளுவை வேலியில் ஓர் இலை மிஞ்சுவதில்லை. அங்கே அந்த 600-ஐ பன்னிரண்டு மாதத்துக்கும் பிரித்துப் பெய்கிறது, வெயிலும் உறைக்காது. நமக்கு வருகிற மழையில் ஏறக்குறைய பாதி ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் கொட்டி முடிந்துவிடும், மற்றபடி கோடையில் ஓரிரு இடி மழை, ஆவணி புரட்டாசியில் கொஞ்சம். தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை அந்தப் பக்கமே பிழிந்து வைத்துக்கொள்கிறது, இந்தப் பக்கம் இறங்குவது பெரும்பாலும் காய்ந்த காற்றுதான். போடிமெட்டில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் ஏலக்காய், இன்னொரு பக்கம் முள்காடு.

இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. பிரெஞ்சுத் தாவரவியலாளர் கோசென் வகுத்தது, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தென்னிந்தியாவின் தாவர வரைபடங்களைப் போட்டபோது இந்த வழியைத்தான் பிடித்துக்கொண்டது. ஒரு மாதத்துச் சராசரி வெப்பத்தை இரண்டால் பெருக்குங்கள், அந்த மாதத்து மழை அத்தனை மில்லிமீட்டர் இல்லையென்றால் அது வறண்ட மாதம். நமக்கு 30 டிகிரி என்றால் 60 மில்லிமீட்டர் வேண்டும். தை, மாசி, பங்குனி மூன்றும் தேறாது, ஆனியும் தேறாது. லண்டனில் சராசரியாகப் பார்த்தால் அப்படி ஒரு மாதம்கூடக் கிடையாது. ஆகவே வருஷத்தில் எவ்வளவு பெய்தது என்பதைவிட, மழையே இல்லாமல் ஒரு மரம் தொடர்ச்சியாக எத்தனை மாதம் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பதுதான் காட்டைத் தீர்மானிக்கிறது. உசிலைக்கும் வேலத்துக்கும் ஏன் பொடிப்பொடி இலை, திருகுகள்ளிக்கு ஏன் பேருக்குத்தான் இலை என்பதெல்லாம் இதில் அடங்கிவிடும்.

பாடப்புத்தகங்கள் மேல் எனக்கு உள்ள குறை இதுதான். எல்லாவற்றையும் சராசரியாகச் சொல்வார்கள். சராசரியில் எந்தச் செடியும் சாவதில்லை, மோசமான சில நாட்களில்தான் சாகிறது. கொடைக்கானல் மேல்மலையில் மார்கழி, தை மாதங்களில் சில இரவுகள் உறைபனி விழும். சில இரவுகள்தான், மாதச் சராசரியில் அது தெரியவே தெரியாது. ஆனால் சோலை எனப்படும் மலை மடிப்புக் காட்டு மரங்களின் கன்றுகள் திறந்த புல்வெளியில் அந்த இரவுகளைத் தாண்டுவது கடினம். சோலைக்குள் மரங்களே கூரை மாதிரி சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதால் உள்ளே முளைத்தது பிழைக்கும், வெளியே முளைத்தது கருகும். மடிப்புகளில் சோலை, மேட்டில் புல் என்று மலை பிரிந்து கிடப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். தீ, காற்று, மண் ஆகியவற்றையும் சேர்த்துத்தான் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள், அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. ஆஸ்திரேலியாவின் குளிர்ந்த மூலையிலிருந்து கொண்டுவந்து நட்ட வாட்டில் மரம் பனிக்குப் பழகியது, அது புல்வெளியைக் கேட்காமலே பிடித்துக்கொண்டது. நம்மூரில் எதற்கும் அசையாத சீமைக் கருவேலமோ பனி தாங்காது. அடுத்த முறை வத்தலக்குண்டிலிருந்து ஏறும்போது எந்த வளைவோடு அது கண்ணில் படாமல் போகிறது என்று மகளைப் பார்க்கச் சொல்லுங்கள், அந்த ஒரு வரிப் பாடத்தைவிட அதில் விஷயம் அதிகம்.

நம் மல்லிகையே இதற்குச் சாட்சி. 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லி, மார்கழி பிறந்து பனி இறங்கியதும் அரும்பு வைப்பதைக் குறைத்துக்கொள்ளும், மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் கிலோ ஆயிரங்களில் போகும், கல்யாண வீட்டுக்காரர்கள் பிச்சியோடும் கனகாம்பரத்தோடும் சமாதானம் ஆவார்கள். அதே மார்கழி இரவுகளுக்காகத்தான் நத்தம் பக்கம் மாமரங்கள் காத்திருக்கின்றன, கொஞ்சம் குளிரும் கொஞ்சம் வறட்சியும் சேர்ந்தால்தான் அவை நன்றாகப் பூக்கும். ஒரே ஊர், ஒரே ராத்திரி, ஒன்றுக்குக் கதவு அடைக்கிறது, இன்னொன்றுக்குத் திறக்கிறது.

விலங்குகள் பற்றிக் கொஞ்சம்தான் சொல்வேன், அவற்றுக்குக் கால் இருப்பதால் தப்பிக்க வழி அதிகம். வெயிலில் பொந்தில் கிடக்கலாம், தவளை மாதிரி மண்ணுக்குள் போய் அடுத்த மழை வரை படுத்துக்கொள்ளலாம். இருந்தாலும் தேவாங்கைப் பாருங்கள். நம் பக்கத்து வறண்ட காடுகளில் இருப்பது சாம்பல் நிறம், மலைக்கு மேற்கே ஈரக்காட்டில் இருக்கும் அதன் பங்காளி செம்பழுப்பு. ஈரமான இடத்து விலங்குகள் கொஞ்சம் கருத்த நிறமாக இருக்கும் என்று விலங்கியலில் ஒரு பழைய விதியே உண்டு. அப்புறம் ஸ்ரீவில்லிபுத்தூர் நரை அணில். அதற்காகவே 1988-ல் சரணாலயம் அறிவித்தார்கள். வறண்ட பக்கத்தில் வாழும் அணில்தான், ஆனால் அது ஓடியாடுவதெல்லாம் ஓடைக்கரையில் கிளையோடு கிளை கோத்து நிற்கும் மரங்களில். அதற்கு மழை வானத்திலிருந்து வர வேண்டியதில்லை, ஓடையில் வந்தால் போதும். நாமும் அதைத்தான் செய்தோம், 1895-ல் பெரியாறு அணை கட்டி மேற்கே போக வேண்டிய தண்ணீரை, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பி, மேலூர் வரைக்கும் நெல்லையும் அதன் பின்னாலேயே கொக்கையும் கொண்டுவந்து சேர்த்தோம். அந்த வயல்களைப் பார்த்துவிட்டு மதுரையின் காலநிலை இது என்று யாராவது எழுதினால் தப்பு.

கடைசிக் கேள்வி. 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும், அதனால் ஒரு டிகிரி கூடினால் ஒரு செடி தன் பழைய வெப்பத்தைத் தேடிச் சுமார் 165 மீட்டர் மேலே போக வேண்டியிருக்கும். மல்லிகைக்குச் சிக்கலில்லை, இடம் ஒத்துவந்தால் மனிதன் வேனில் ஏற்றிக்கொண்டு போய் நட்டுவிடுவான். ஆனால் கொடைக்கானல் 2,100 மீட்டரில் இருக்கிறது, ஒரு டிகிரி கூடினாலும் அந்த உறைபனி இரவுகள் ஒன்றிரண்டு மிஞ்சும், அவை இருக்கும்வரை அங்கே மல்லிகைத் தோட்டம் போட நான் பணம் தர மாட்டேன். ஏற்கனவே உச்சியில் இருப்பவற்றின் பாடுதான் மோசம். கொடைக்கானல் இருக்கிற பழனி மலைத்தொடரின் உச்சி 2,500 மீட்டர் சொச்சத்தில் முடிந்துவிடுகிறது, அங்கே சோலைக்குள்ளேயே ஒளிந்து திரியும் பறவைகளுக்கு அதற்கு மேல் ஏற மலை இல்லை.

இடம் மாறுகிறவை மேலேதான் போக வேண்டும் என்றும் இல்லை. மயில் காய்ந்த நிலத்துப் பறவை, அடர்ந்த மழைக்காடு அதற்கு ஆகாது. கேரளத்தில் முன்பு அபூர்வமாக இருந்தது, கடந்த சில பத்தாண்டுகளில் ஊர் ஊராகப் பரவியிருக்கிறது. அந்த ஊர்கள் சூடாவதும் காய்வதும் காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். காடு வெளுத்ததும் மயிலை யாரும் அடிக்காததும் கூடவே இருக்கும் என்பது என் எண்ணம். பாலக்காட்டு விவசாயிகள் இப்போது நெல் வயலில் மயில் விரட்டிக்கொண்டிருக்கிறார்கள், அதில் நம் ஆட்களுக்கு அனுபவம் அதிகம், வேண்டுமானால் போய்ச் சொல்லிக்கொடுக்கலாம்.