ஆச்சியின் முழங்காலும் அம்மாவின் விரல்களும்

கேள்வி: எங்கள் ஊர் ஆலங்குளம் பக்கம். அம்மாவுக்கு 44 வயது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே பீடி சுற்றுகிறார். மூன்று மாதமாகக் காலையில் எழுந்ததும் இரண்டு கை விரல்களையும் மடக்க முடியவில்லை. வெந்நீரில் கையை முக்கி வைத்திருந்து, எட்டரை மணி ஆன பிறகுதான் கத்தரியைப் பிடிக்கிறார். ஆச்சிக்குப் பத்து வருஷமாக முழங்கால் வலி. "ஆச்சிக்கு வந்த வாதம்தான் எனக்கும், இதுக்குப் போயி டாக்டரா" என்கிறார் அம்மா. மருந்துக்கடையில் தரும் மாத்திரையைப் போட்டால் அன்றைக்குச் சரியாகிவிடுகிறது. முடக்கறுத்தான் கீரையும் சாப்பிடுகிறார். பீடி சுற்றுவதால்தான் இப்படி ஆனதா? விட்டுவிட வேண்டுமா? எனக்கும் வருமா?

பதில்: உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த எட்டரை மணிதான். அம்மா எத்தனை மணிக்கு எழுகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் பீடி சுற்றும் வீட்டில் ஆறு மணிக்கு மேல் யார் படுத்திருக்கிறார்கள்? விரல் இளகவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது என்றுதான் இதற்கு அர்த்தம். ஆச்சியிடமும் கேட்டுப் பாருங்கள். எழுந்ததும் முழங்கால் பிடித்திருக்கும், வாசல் தெளித்துவிட்டு நாலு எட்டு நடந்தால் விட்டுவிடும், சாயங்காலம் மறுபடி வலிக்கும் என்பார். இந்த வித்தியாசம் ஒன்றை வைத்தே சொல்லலாம், இரண்டு பேருக்கும் ஒரே நோய் இல்லை.

நாம் 'வாதம்' என்ற ஒரே சொல்லில் எல்லா மூட்டுவலியையும் போட்டுவைத்திருக்கிறோம். ஆச்சிக்கு இருப்பது பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம். எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு வருஷக்கணக்கில் மெலிந்துபோவதால் வருவது. வலி ஓய்வெடுத்தால் குறையும், நெடுநேரம் நடந்தால் கூடும். அம்மாவுக்கு முடக்குவாதமாக இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறேன். இதில் உடம்பின் எதிர்ப்பு சக்தியே ஆள் தெரியாமல் மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது. சவ்வு வீங்கித் தடித்து, கொஞ்சம் கொஞ்சமாக எலும்பையே அரிக்கத் தொடங்கும். இது கிழவிகளுக்கு வருகிற நோய் இல்லை. முப்பதிலிருந்து அறுபதுக்குள் தொடங்குவதுதான் வழக்கம். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம்.

வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். அம்மாவின் விரல்களில் எந்தக் கணு வீங்கியிருக்கிறது? நகத்தை ஒட்டிய நுனிக்கணு மட்டும் கெட்டியாக, முண்டு முண்டாக இருந்தால் தேய்மானம். விரல் உள்ளங்கையோடு சேரும் அடிக்கணு, நடுக்கணு, மணிக்கட்டு ஆகியவை இரண்டு கையிலும் மெத்து மெத்தென்று வீங்கியிருந்தால் முடக்குவாதம் என்று சந்தேகப்பட வேண்டும். அப்புறம், கை குலுக்குவதுபோல அவர் கையைப் பிடித்து, அந்த அடிக்கணு வரிசையை இரண்டு பக்கமிருந்தும் மெல்ல அழுத்துங்கள். சாதாரணமாக இதற்கு யாரும் கத்த மாட்டார்கள். அம்மா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டால் அடுத்த பஸ்ஸைப் பிடியுங்கள். விரலில் போட்ட மோதிரம் இப்போது கழல்கிறதா என்றும் கேளுங்கள். பல பெண்கள் வீக்கத்தை வீக்கம் என்று சொல்ல மாட்டார்கள், "மோதிரம் இறுகிப்போச்சு" என்றுதான் சொல்வார்கள்.

ஒரு கேள்வியை மறக்காமல் கேட்டுவையுங்கள்: வலி தொடங்குவதற்கு முன்னால் காய்ச்சல் வந்ததா? சிக்குன்குனியா காய்ச்சல் நாலு நாளில் போய்விடும், மூட்டுவலி மாதக்கணக்கில், சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் நிற்கும். 2006-இல் தமிழ்நாட்டில் அது பரவியபோது வீட்டுக்கு வீடு குனிந்து நடந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பார்வைக்கு அது முடக்குவாதம் மாதிரியே இருக்கும். இதைப் பிரித்துப் பார்ப்பது டாக்டரின் வேலை.

எங்கே போவது? பாளையங்கோட்டையில் ஹைகிரவுண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். முக்கூடலில் பீடித் தொழிலாளர்களுக்கென்றே மத்திய அரசின் மருத்துவமனை இருக்கிறது. அம்மாவிடம் பீடித் தொழிலாளர் அட்டை இருந்தால் முதல் பரிசோதனையை அங்கேயே தொடங்கலாம். உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., முடக்குவாதத்தில் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைத் தேடும் ஆர்.ஏ. ஃபேக்டர், முடிந்தால் ஆன்டி சி.சி.பி. என்ற ரத்தப் பரிசோதனைகளை எடுக்கச் சொல்வார்கள். ஆர்.ஏ. ஃபேக்டர் 'நெகட்டிவ்' என்று வந்ததும் நோய் இல்லை என்று ஊருக்குத் திரும்பிவிடாதீர்கள். முடக்குவாதக்காரர்கள் பத்துப் பேரில் இரண்டு மூன்று பேருக்கு அது நெகட்டிவாகத்தான் வரும். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயும் சுத்தமாக இருக்கும். எக்ஸ்ரேயில் அரிப்பு தெரிகிறதென்றால் நாம் தாமதமாக வந்திருக்கிறோம் என்று பொருள். அதனால்தான் இந்த நோயில் முதல் மூன்று மாதத்துக்குள் சிகிச்சை தொடங்கப் பார்க்கிறோம். அம்மாவுக்கு அந்த மூன்று மாதம் முடிந்துவிட்டது. கோயில் கொடை முடியட்டும், பொங்கல் கழியட்டும் என்று இழுக்க வேண்டாம்.

அந்தக் கடை மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். சின்னக் காகிதப் பொட்டலத்தில், பெயர் இல்லாமல், வெள்ளையும் மஞ்சளுமாக மூன்று மாத்திரை தருகிறார்களா? அப்படிக் கொண்டுவந்து காட்டிய பொட்டலங்கள் என் மேஜையில் நிறைய விழுந்திருக்கின்றன. ஒன்று டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை, இன்னொன்று அல்சருக்கு, மூன்றாவது பெரும்பாலும் ஸ்டீராய்டு. அது போட்ட அன்றே பறக்க வைக்கும், அதுதான் அதன் ஆபத்தும். மாதக்கணக்கில் போனால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு பொடியும், வலி மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும். இவ்வளவும் நடக்கும்போது உள்ளே மூட்டு அரிப்பு நிற்காது. ஸ்டீராய்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. சரியான மருந்து வேலை செய்யத் தொடங்கும்வரை நாங்களும் குறைந்த அளவில், குறைந்த நாளுக்கு எழுதுவோம். ஆனால் பல வாரம் போட்டவர் அதைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. ஆகவே பொட்டலத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். திட்டு விழுந்தாலும் பரவாயில்லை, காட்டிவிடுங்கள்.

முடக்குவாதம் உறுதியானால் பெரும்பாலும் மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரை எழுதுவார்கள். இதை வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் போட வேண்டும். தினமும் போட்டால் ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும், அப்படி நடந்திருக்கிறது. நான் எல்லாரிடமும் சொல்வது, உங்கள் ஊர்ச் சந்தை நாளை மாத்திரை நாளாக வைத்துக்கொள்ளுங்கள். சந்தைப் பையை எடுக்கும்போது மாத்திரை ஞாபகம் வரும், மற்ற நாளில் அட்டையைத் தொட வேண்டாம். கூடவே ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் தருவார்கள், அதை மறுநாள் போடுவது வழக்கம். 'இது கேன்சர் மருந்து' என்று யாராவது மொபைலில் காட்டிப் பயமுறுத்துவார்கள். கேன்சருக்குத் தருவது இதைப்போலப் பல மடங்கு அளவு. ஆரம்பத்தில் சில வாரத்துக்கு ஒருமுறை, பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தமும் ஈரலும் சோதிக்க வேண்டும். காய்ச்சல், வாய்ப்புண், வறட்டு இருமலோடு மூச்சு வாங்கல் வந்தால் அடுத்த டோஸைப் போடாமல் டாக்டரைப் பாருங்கள். அம்மாவுக்கு மாதவிடாய் நிற்கவில்லையென்றால் இந்த மருந்து எடுக்கும் காலத்தில் கர்ப்பம் தரிக்கக் கூடாது. கேட்கக் கூச்சப்படாதீர்கள். பலன் தெரிய ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். கடை மாத்திரைக்குப் பழகியவர்களுக்கு இது யுகம்போல இருக்கும். "ஒண்ணும் கேக்கலை" என்று மூன்றாவது வாரத்தில் நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம்.

முடக்கறுத்தான் தோசையை நானும் சாப்பிடுகிறேன், நல்ல கீரை. பெயரை நம்பி மருந்தை விட்டுவிடாதவரை சரி. சித்த வைத்தியம் பார்க்க ஆசைப்பட்டால் பாளையங்கோட்டையிலேயே 1964-இல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே போங்கள். பேருந்து நிலையத்தில் விற்கும் பெயரில்லாச் சூரணம் வேண்டாம். இரண்டு மருந்தும் எடுப்பதாக இருந்தால் இரண்டு டாக்டருக்கும் சொல்லிவிடுங்கள், பாரம் சுமப்பது ஒரே ஈரல்தான். உருளைக்கிழங்கு, கத்தரிக்காய், பருப்பு எல்லாம் வாய்வு என்று ஒதுக்கி, தேங்காய்ப்பால் சொதியைக்கூடப் பார்த்து ஏங்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை. சாளை மீன் கிடைத்தால் குழம்பு வையுங்கள், அதிலுள்ள கொழுப்பு மூட்டுக்கு நல்லது.

பீடி சுற்றுவதால் இந்த நோய் வந்ததா? சுற்றும் வேலை முடக்குவாதத்தை உண்டாக்குவதில்லை, ஆனால் வீங்கிய கணுவை அது சும்மா விடுவதும் இல்லை. வேலையை விடச் சொல்ல எனக்கு மனசில்லை, அந்தப் பணத்தில்தான் வீடு நடக்கிறது என்று தெரியும். வீக்கம் கடுமையாக இருக்கும் வாரங்களில் இலையைக் குறைத்து வாங்கட்டும். காலையில் சுற்றாமல் விரல் இளகிய பிறகு உட்காரட்டும். இலை வெட்டுவதுதான் அதிகம் கெடுக்கும். கத்தரியின் வளையத்தில் பழைய பருத்தித் துணியைத் தடிமனாகச் சுற்றித் தையுங்கள், பிடி பெரிதானால் கணுவுக்குப் பளு குறையும். வெட்டுவதை நீங்களோ தம்பியோ செய்துவிட்டு, சுற்றுவதை மட்டும் அம்மாவிடம் விடலாம். அரைமணிக்கு ஒருமுறை மடியிலுள்ள சுளவை (முறத்தை) இறக்கிவைத்து, விரல்களை விரித்து மடக்கச் சொல்லுங்கள். துணி பிழியும்போது முறுக்க வேண்டாம், குழாயைச் சுற்றிப் போட்டு இரண்டு நுனியையும் சேர்த்து இழுத்தால் தண்ணீர் இறங்கிவிடும். வாளியை விரலில் தொங்கவிடாமல் முழங்கை மடிப்பில் மாட்டலாம், பாதி வாளி போதும்.

ஆச்சியை மறந்துவிடவில்லை. அவருக்குத் தரையில் சம்மணம் போட்டு உட்காருவதும் குத்தவைப்பதும் வேண்டாம், நாற்காலி போதும். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, பத்து எண்ணும்வரை பிடித்து இறக்கட்டும். காலுக்குப் பத்துத் தடவை, தினம் இரண்டு வேளை. தொடைத் தசை வலுத்தால் முழங்காலின் பாரம் குறையும். கம்பு ஊன்றுவாரானால் வலிக்கிற காலுக்கு எதிர்ப்புறக் கையில் பிடிக்கட்டும், ஏறக்குறைய எல்லாரும் இதைத் தப்பாகத்தான் பிடிக்கிறார்கள். நடக்கவே முடியாத நிலை வந்தால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலேயே உண்டு.

உங்களுக்கு வருமா? அம்மாவுக்கு இருந்தால் மற்றவர்களைவிட வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். முடக்குவாதக்காரர்களின் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு வருவதில்லை. புகை இந்த நோய்க்கு வழிவிடும் என்பது உறுதியாகத் தெரிந்தது, அதனால் அப்பா பீடி குடிப்பவரானால் வீட்டுக்குள் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அறிகுறி எதுவும் இல்லாமல் நீங்கள் ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டாம். நோயே இல்லாதவர்களுக்கும் ஆர்.ஏ. ஃபேக்டர் சில சமயம் லேசாகக் கூடி வரும், அப்புறம் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு நீங்கள் தூக்கம் கெட்டு உட்கார்ந்திருப்பீர்கள்.